கூர் எப்படிப் போகும்? காட்டுக்கத்தி எஃகு பற்றிப் புதியவர்களுக்கு

முகாமுக்கும் மலையேற்றத்துக்கும் ஒரு நல்ல கத்தி வாங்கலாம் என்று தேடத் தொடங்கினால் பத்தே நிமிடத்தில் தலை சுற்றும். 1095, டி2, 14சி28என், 3வி, மேக்னாகட் என்று ரயில் எண்கள் மாதிரி வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் மன்றம் வேறு. ஒருவர் ‘இதுதான் எஃகு, மற்றதெல்லாம் தகரம்’ என்பார். அதே எஃகை இன்னொருவர் தகரம் என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

இங்கே நான் பேசப்போவது மடங்காக் கத்தியைப் பற்றி. ஃபிக்ஸட் பிளேடு என்று சொல்வார்களே, அலகு பிடிக்குள் மடங்கிப் போகாத கத்தி, அது. பையில் கிடக்கும் மடக்குக்கத்தி அட்டைப்பெட்டியும் கயிறும் அறுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. மடங்காக் கத்தியின் பிழைப்பு வேறு. குச்சி சீவ வேண்டும். முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பார்கள். மரத்தில் சிக்கினால் நெம்பி எடுப்பார்கள். மழையில் நனையும், மண்ணில் விழும். அதனால் மடக்குக்கத்திக்கு முதல் தரம் என்று பெயர் வாங்கிய எஃகு இந்த வேலையில் சுமாராக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

‘எது நல்ல எஃகு’ என்று நானும் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்வியைத் திருப்பிப் போட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது: இந்த எஃகு எப்படிக் கெட்டுப்போகும்? மழுங்காத கத்தி கிடையாது. ஆனால் எல்லாக் கத்தியும் ஒரே மாதிரி மழுங்குவதில்லை. எந்த மாதிரிக் கெடுவதை நம்மால் சமாளிக்க முடியும் என்று தெரிந்துவிட்டால் எஃகுப் பெயர்களின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பழைய கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, விளக்குக்கு நேரே மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். நல்ல கூர் உள்ள விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருட்டாக இருக்கும். காரணம், கூரான விளிம்பின் அகலம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு, ஒளி பட்டுத் திரும்ப அங்கே இடமே இல்லை. கூர் போன இடம் வெள்ளியாக மின்னும். நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடாக மின்னினால் விளிம்பு தேய்ந்திருக்கிறது. விரல் நகத்தை அலகின் பக்கவாட்டிலிருந்து விளிம்பு நோக்கி வெளியே இழுக்கும்போது ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் சிக்கினால் விளிம்பு மடங்கியிருக்கிறது. பூதக்கண்ணாடியில் பிறை வடிவக் குழிகள் தெரிந்தால் எஃகு துணுக்காகத் தெறித்துப் போயிருக்கிறது. நான்காவது வகை துரு. அலகின் பக்கத்தில் தெரியும் செம்புள்ளிகளைத்தான் நாம் துரு என்று கவனிக்கிறோம். ஆனால் துரு முதலில் தின்பது மெல்லிய விளிம்பைத்தான். ஈரத்தில் வைத்த கத்தி ஒன்றையும் அறுக்காமலேயே மழுங்கியிருப்பது இப்படித்தான்.

தேய்வது, மடங்குவது, தெறிப்பது, துருப்பிடிப்பது. இந்த நான்கில் வெளியில் பயன்படும் கத்திக்கு எது மோசம்? என்னைக் கேட்டால் தெறிப்பது. தேய்ந்த விளிம்பைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகும். மடங்கியதைப் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். தெறித்த குழி மட்டும் மறைய வேண்டுமென்றால் குழியின் ஆழம் வரைக்கும் மொத்த விளிம்பையும் தேய்த்து இறக்க வேண்டும். காட்டுக்குள் கையளவு கல்லை வைத்துக்கொண்டு செய்கிற வேலையா அது?

இனி எஃகுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எஃகு என்பது இரும்பும் கொஞ்சம் கார்பனும். கத்தி எஃகில் கார்பன் பெரும்பாலும் அரை சதவீதத்திலிருந்து ஒன்றரை சதவீதத்துக்குள் இருக்கும். சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கும்போது இந்தக் கார்பன் இரும்பின் படிக அமைப்புக்குள் மாட்டிக்கொண்டு அதை இறுக்குகிறது. கத்தியின் கடினம் வருவது இதிலிருந்துதான். குரோமியம், வனேடியம் போன்றவற்றையும் சேர்த்தால், அவை கார்பனோடு கூடிக் கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்களாகின்றன. கான்கிரீட்டில் ஜல்லி கிடக்கிற மாதிரி இந்தத் துகள்கள் எஃகு முழுக்கப் பரவிக் கிடக்கும். ஜல்லி அதிகமானால் தேய்மானம் குறையும். அதே ஜல்லி பெரிது பெரிதாக இருந்தால் விரிசல் தொடங்கும் இடமும் அதுதான். ஒரு மைக்ரான்கூட இல்லாத விளிம்பில் இருபது, முப்பது மைக்ரான் துகள் ஒன்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஓர் அழுத்தம் வந்தால் துகளோடு சேர்ந்து விளிம்பும் பெயர்ந்துவிடும்.

ஆக, தேய்மானம் தாங்குவதும் அடி தாங்குவதும் பொதுவாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். கடினத்திலும் இதே இழுபறிதான். ராக்வெல் சி என்ற அளவில் கடினத்தைச் சொல்வார்கள். வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ சுமையில் எஃகின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பது. வெளிக்கத்திகள் பெரும்பாலும் 56-க்கும் 62-க்கும் இடையில் இருக்கும். எண் கூடினால் விளிம்பு மடங்காது, ஆனால் தெறிக்க வாய்ப்பு கூடும். குறைந்தால் தெறிக்காது, மடங்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ‘இந்த எஃகு நன்றாக வளைந்து கொடுக்கும், அது விறைப்பானது’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே தடிமனும் வடிவமும் உள்ள இரண்டு அலகுகளை எடுத்துக்கொண்டால், ஒன்று சாதாரணக் கார்பன் எஃகு, மற்றது விலை உயர்ந்த பவுடர் எஃகு என்றாலும், அவற்றைக் கொஞ்சம் வளைக்கத் தேவைப்படும் பலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். விறைப்பு தடிமனைப் பொறுத்தது. தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். எஃகின் குணமும் அதன் பதமும் தெரிவது அதற்குப் பிறகு: கையை விட்டதும் நேராகத் திரும்புமா, கோணலாகவே நிற்குமா, ‘டக்’ என்று ஒடியுமா?

சரி, பெயர்களுக்கு வருவோம். முதலில் சாதாரணக் கார்பன் எஃகுகள், ஏனென்றால் மடங்காக் கத்திகளில் இவற்றுக்கு இன்றும் தனி இடம் இருக்கிறது. 1095 என்ற எண்ணை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 10 என்றால் வேறு உலோகம் பெரிதாக எதுவும் சேர்க்காத கார்பன் எஃகு. 95 என்றால் கார்பன் சுமார் 0.95 சதவீதம். 1075 என்றால் 0.75 என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். 80சிஆர்வி2 என்பது ஜெர்மன் பாணிப் பெயர்: 0.8 சதவீதம் கார்பன், அதோடு துளிக் குரோமியமும் வனேடியமும். மரம் அறுக்கும் ரம்பத்துக்குப் பயன்படும் எஃகு இது, அடிக்கு அசராது. 5160 லாரியின் பட்டை ஸ்பிரிங் வகை. பெரிய வெட்டுக்கத்திக்குப் பொருத்தம். 52100 பால்பேரிங் செய்வதற்காகப் பிறந்தது. நுண்ணிய துகள்கள், அருமையான கூர்.

இவற்றில் கார்பைடு குறைவு, இருப்பதும் பொடிப்பொடியாக இருக்கும். அதனால் சீக்கிரம் தேயும், சீக்கிரம் கூரும் ஏறும். ஆற்றங்கரைக் கூழாங்கல்லில் தேய்த்தால்கூட வேலைக்கு ஆகிற அளவு கூர் வந்துவிடும். முகாமில் நாள் முடிந்து உட்காரும்போது ஐந்து நிமிடம் தீட்டுவது எனக்குப் பிடித்த வேலை என்பதால், சீக்கிரம் தேய்கிறது என்ற குறை எனக்குப் பெரிதாகப் பட்டதே இல்லை. அந்த ஐந்து நிமிடமும் தொல்லை என்று நினைப்பவருக்கு அது பெரிய குறைதான்.

ஆனால் துரு பிடிக்கும். முதல் கார்பன் கத்தியை வாங்கிய புதிதில் ஈரத்தோடு தோல் உறையில் செருகிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் உருவியபோது அலகின் இரண்டு பக்கமும் மஞ்சள் பொடி தூவிய மாதிரி இருந்தது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் மிச்சமிருக்கும். உறை கத்தியைத் தூக்கிச் செல்வதற்கு, குடியிருப்பதற்கு இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, காற்றுப் படும்படி வைத்தால் போதும். பயன்படுத்தப் பயன்படுத்த அலகில் சாம்பல் நீலமாக ஒரு படலம் படியும். பேட்டினா என்பார்கள். அதைத் துரு என்று பயந்து தேய்த்து எடுத்துவிடாதீர்கள். செந்துரு செதிலாகி உள்ளே அரித்துக்கொண்டே போகும். இந்தக் கறுத்த படலம் அப்படியே ஒட்டிக்கொண்டு அடியில் உள்ள எஃகுக்கு ஓரளவு காவலாக இருக்கும்.

இன்னொன்று. ‘நெருப்புப் பொறி வர கார்பன் எஃகுதான் வேண்டும்’ என்பது பாதி உண்மை. சிக்கிமுக்கிக் கல்லில் அடிக்கும்போது பொறியாகப் பறப்பது கத்தியிலிருந்து உரிந்த எஃகு, அதனால் அங்கே கடினமான கார்பன் எஃகு வேண்டும். இப்போது எல்லோரும் வைத்திருக்கும் ஃபெரோ குச்சியில் (சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி) எரிவது அந்தக் குச்சி. அதைச் சுரண்ட எந்த எஃகும் போதும், கத்தி முதுகின் ஓரம் மட்டும் மழுங்கலாக இல்லாமல் செங்கோணமாக இருக்க வேண்டும்.

அடுத்தது கருவி எஃகுகள். ஓ1, ஏ2 என்ற பெயர்களில் ஒரு ரகசியமும் இல்லை. சூடாக்கிய பின் எதில் குளிர்விப்பது என்பதன் ஆங்கில முதலெழுத்துதான் அது: ஓ என்றால் எண்ணெய், ஏ என்றால் காற்று. இரண்டுமே ஒழுங்கான கத்தி எஃகுகள். இதற்கு மேல் இங்கே சொல்ல வேண்டியதில்லை. டி2 மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டிய ஆள்.

டி2-வில் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12. உலோகத் தகடுகளை வெட்டும் அச்சுகளுக்காக உருவான எஃகு. தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் உருக்கி வார்த்து மெல்ல ஆறும்போது அதில் குரோமியம் கார்பைடுகள் பெரிது பெரிதாக விளைந்துவிடும். மேலே சொன்ன இருபது, முப்பது மைக்ரான் ஜல்லி இங்கேதான். என்னுடைய டி2 கத்தி அட்டை, கயிறு என்று எதை அறுத்தாலும் வாரக்கணக்கில் கூர் போகாமல் இருந்தது. ஒருநாள் காய்ந்த கிளையின் கணுவில் மாட்டிக்கொண்டபோது பழக்கதோஷத்தில் ஒரு திருகு திருகினேன். உருவிப் பார்த்தால் விளிம்பில் இரண்டு பிறைகள். குழி மறைய இரண்டு மாலைகள் பிடித்தன. தப்பு கத்தியுடையது என்று சொல்ல மாட்டேன். திருகுகிற கைக்கு அந்த எஃகு ஒத்துவராது, அவ்வளவுதான்.

டி2 இன்னொரு பாடமும் சொல்லித் தரும். துருப்பிடிக்காத எஃகுக்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும் என்பது பொது வரையறை. டி2-வில் 12 இருக்கிறதே, பிறகு ஏன் அது துருப்பிடிக்கிறது? குரோமியத்தில் பெரும்பங்கைக் கார்பைடுகள் பிடித்து வைத்துக்கொண்டதால். துருவைத் தடுக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்குவது எஃகில் கரைந்து கிடக்கும் குரோமியம் மட்டும். கார்பைடுக்குள் பூட்டப்பட்டது கணக்கில் வராது. எனவே பெட்டியில் அச்சிட்ட சதவீதத்தைப் பார்த்துத் துருவைக் கணிக்க முடியாது. இதற்கு நேர்மாறான ஓர் எஃகு பின்னால் வருகிறது.

துருப்பிடிக்காத எஃகு என்றாலே கத்திக்காரர்களில் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழலின் அரிப்பைக் குறைக்க வழி தேடும்போது உருவானது அது. ஆரம்பகாலத் துருப்பிடிக்காத கத்திகள் கூர் நிற்காது என்று பெயர் கெட்டுப்போனது, அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய 12சி27, 14சி28என், ஏஇபி-எல் போன்றவை ஷேவிங் பிளேடு செய்யும் எஃகுகளின் வம்சம். கார்பன் சுமார் 0.6 சதவீதம், குரோமியம் 13, 14. சவரத்துக்கு ஏற்ற கூர் வேண்டும் என்பதால் கார்பைடுகளைப் பொடியாக வைத்திருக்கிறார்கள். பொடியாக இருப்பதால் அடியும் தாங்கும், தீட்டவும் எளிது. 14சி28என்-இல் உள்ள ‘என்’ நைட்ரஜனைக் குறிக்கும்; அது சேர்வதால் துரு எதிர்ப்பு கூடுகிறது. முதல் மடங்காக் கத்தி வாங்குகிறேன், எஃகு சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். 420எச்சி இன்னும் மென்மையானது. அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் நல்ல பதம் வைத்தது என்றால் வாழ்நாள் முழுக்க உழைக்கும். 440சி-யில் கார்பன் ஒரு சதவீதம், குரோமியம் 17. தேய்மானத்துக்கு நல்லது, விறகு பிளக்க எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பவுடர் எஃகு என்பது அந்த ஜல்லிப் பிரச்சினைக்குக் கண்டுபிடித்த மருந்து. உருகிய எஃகைக் கட்டியாக ஆற விட்டால்தானே கார்பைடு பெரிதாகிறது? அதை வாயுவின் வேகத்தில் பீய்ச்சித் துளிகளாகச் சிதறடித்தால், ஒவ்வொரு துளியும் கண் இமைப்பதற்குள் உறைந்துவிடும். துகள் வளர நேரம் இல்லை. அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக இறுக்கினால், கார்பைடு இரண்டு, மூன்று மைக்ரானில் நின்றுவிடும். சிபிஎம் 3வி இந்த முறையில் வந்தது. வனேடியம் 2.75 சதவீதம், குரோமியம் 7.5. அடி தாங்குவதில் அசாத்தியம், தேய்மானத்திலும் சோடை போகாது. ஆனால் துருப்பிடிக்காத ரகம் கிடையாது, அதை மறந்துவிடக்கூடாது. 2001-ல் வந்த எஸ்30வி-யில் வனேடியம் 4 சதவீதம். மடக்குக்கத்தியில் கொடி நாட்டியது, கட்டையால் அடிக்கிற கத்திக்கு நான் வாங்க மாட்டேன்.

நேர்மாறான எஃகு என்று சொன்னேனே, அது மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021-ல் வெளிவந்தது. குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2-வைவிடக் குறைவு. ஆனால் கடினப்படுத்தியபின் அதில் குரோமியம் கார்பைடே இல்லாத மாதிரி கலவையை அமைத்திருக்கிறார். கார்பனை வனேடியமும் நியோபியமும் பிடித்துக்கொள்ள, குரோமியம் முழுக்கத் துருவைத் தடுக்கும் வேலைக்குக் கிடைத்துவிடுகிறது. அதிகக் குரோமியம் உள்ள பல எஃகுகளைவிட இது துருவை நன்றாகத் தாங்குவது அதனால்தான். தேய்வது, தெறிப்பது, துரு மூன்றிலும் நல்ல மதிப்பெண். விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

வனேடியம் அதிகமுள்ள எஃகை வாங்குமுன் உங்கள் தீட்டும் கல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள். வனேடியம் கார்பைடு சாதாரணக் கற்களில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. அப்படிப்பட்ட கல்லில் தேய்த்தால் கல்தான் அதிகம் தேயும். வைரத் தகடு ஒன்று கூடவே வேண்டும். கடலில் உப்புத் தண்ணீரிலேயே வேலை என்றால் எல்சி200என் போல கார்பனைக் குறைத்து நைட்ரஜனை ஏற்றிய எஃகுகள் தனியாக இருக்கின்றன.

இவ்வளவு பெயர் சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் அநியாயம்: பெயரைவிடப் பெரியது தோய்ச்சல். கொல்லர்கள் காய்ச்சி முக்கிப் பதம் வைப்பதைத்தான் சொல்கிறேன். 1095-ஐ 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சி, சுமார் ஒரு நொடிக்குள் பல நூறு டிகிரி இறக்க வேண்டும். தாமதித்தால் பாதி மென்மையாகவே நின்றுவிடும். முக்கி எடுத்ததும் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும். மறுபடி 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கினால்தான் பதம் வரும். அந்தச் சூட்டில் பளபளப்பான எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஏறும். 300 வாக்கில் நீலமாகிவிடும், கடினமும் இறங்கிவிடும். இயந்திரச் சாணையில் அழுத்திப் பிடித்துத் தீட்டும்போது விளிம்பு நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பதம் போனது போனதுதான். அடுப்புத் தணலைக் கிளறக் கத்தியை நீட்டுகிறவர்களும் இதைக் கவனிக்கவும். கவனமாகப் பதம் வைத்த 420எச்சி, அரைகுறையாகப் பதம் வைத்த பவுடர் எஃகை அடித்துப் போட்டுவிடும். ஆகவே எஃகின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு ராக்வெல் எண்ணைச் சொல்லாமல் விடுகிற கத்தியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அப்புறம் வடிவம். விளிம்புக்கு உடனடிப் பின்னால் அலகு எவ்வளவு தடிமன், இரு பக்கமும் என்ன கோணத்தில் தீட்டியிருக்கிறது என்பவை அறுப்பை எஃகைவிட அதிகம் தீர்மானிக்கும். பக்கத்துக்கு 15 டிகிரியில் தீட்டிய சாதாரண எஃகு, 25 டிகிரியில் தீட்டிய உயர்ந்த எஃகைவிட நன்றாகவும் நெடுநேரமும் அறுக்கலாம். ஆனால் அந்த 15 டிகிரி விளிம்பு முரட்டு வேலையிலும் தாங்குமா என்று கேட்டால், அங்கேதான் எஃகு வருகிறது. அடி தாங்கும் எஃகு விளிம்பை மெல்லியதாக வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அதுதான் அதன் உண்மையான லாபம்.

புதுக் கத்தி வந்ததும் காய்ந்த கெட்டிக் குச்சி ஒன்றை எடுத்துப் பத்து நிமிடம் சீவிவிட்டு, விளிம்பை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். எங்கும் மின்னவில்லையா, அடுத்த முறை தீட்டும்போது கோணத்தை ஒரு டிகிரி குறைத்துப் பார்க்கலாம். மடங்கியோ தெறித்தோ இருந்தால் இரண்டு டிகிரி கூட்டித் தீட்டிவிட்டு மறுபடி சீவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உடனே எஃகைத் திட்டிவிட வேண்டாம். தொழிற்சாலையில் வேகமாகத் தீட்டும்போது விளிம்பின் நுனி மட்டும் சூடேறிப் பதம் இழந்திருக்கலாம். இரண்டு மூன்று முறை கையால் தீட்டி அந்த நுனி தேய்ந்து போனதும், அடியில் இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும்.